குழந்தையின் கரப்பானுக்குத் தாய் தின்னும் மீனா காரணம்?

பாம்பனில் எட்டு மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் (தோல் வறண்டு, சிவந்து அரிக்கும் எக்ஸிமா). பாலூட்டும் தாய்க்கு மீன், இறால் எல்லாவற்றையும் வீட்டார் நிறுத்திவிட்டார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. பெரும்பாலும் வரிசை தலைகீழ்: முதலில் தோல் வெடிக்கிறது, பிறகே உணவு ஒவ்வாமை. வெடிப்பு வழியே நுழையும் உணவுப் புரதத்தை உடல் எதிரியாகப் பதிந்துகொள்கிறது; வாய்வழி போனால் பெரும்பாலும் பழகிக்கொள்கிறது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளுக்குச் சீக்கிரமே நிலக்கடலை உணவு கொடுத்ததில், கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்ததை 2015இல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது.

தாயின் தட்டிலுள்ள சூடை மீனைவிட, இறால் உரித்த கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்குவதுதான் எனக்குக் கவலை. குளிப்பாட்டியதும் ஈரம் காயுமுன், தோல் வறளாமல் காக்கும் களிம்பு பூசுங்கள். குழந்தை ஏதேனும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ உதட்டு வீக்கமோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு.