கட்டிளமைப் பருவத்தில் பிள்ளைகள் ஏன் யோசிக்காமல் துணிகிறார்கள்?

கட்டிளமைப் பருவம் என்பது குழந்தைமைக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட காலம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது வரை. அப்போது மூளையில் ஆசையும் கோபமும் பரபரப்பும் எழுகிற பகுதிகள் முந்திக்கொள்ளும். ‘பொறு, பின்னால் என்ன வரும் என்று பார்’ எனத் தடுக்கும் நெற்றிப்புறப் பகுதியோ 25 வயதை அண்டித்தான் முழுமையடையும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். மாரி மழைக்குக் குளம் முட்டிவிட்டது, மிஞ்சும் நீரை அளவாகத் திறந்துவிடும் வான்கதவுகளோ இன்னும் பொருத்தி முடியவில்லை என்றால் எப்படியிருக்கும்? 15 வயது அப்படித்தான். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால் நீர்வரத்து இன்னும் கூடும். தனியே பதனமாகச் சைக்கிள் ஓடுகிற பெடியன் அவர்களோடு சேர்ந்தால் ஏ9 வீதியில் போட்டிக்கு ஓடுவது அதனால்தான். இதைத் திமிர் என்று அடிப்பது எனக்கு மனவருத்தம்.

‘அப்ப அவர்களுக்கு யோசிக்கவே தெரியாதோ?’ என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை: பதற்றமில்லாமல், ஆறுதலாக இருத்திக் கேட்டால் 16 வயதுப் பிள்ளை பெரும்பாலும் பெரியவர்களைப் போலவே நியாயம் பார்த்து யோசிக்கும்.