கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் பழைய ஓட்டு வீடு வாங்கிப் புதுப்பித்து விற்கலாமா?

விற்கலாம். ஆனால் கோவைக் கணக்கை அப்படியே இங்கே போடாதீர்கள்.

முதலில் ஆவணம். கேரள வருவாய்ப் பதிவில் ‘நிலம்’ என்று இருந்தால் அது வெறும் மனை அல்ல, வயல். வீட்டு மனைக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர். தமிழ் படித்தவர்கள் தடுக்கி விழுவது இந்த ஒரு சொல்லில்தான். 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் டேட்டா பேங்கில் (வயல்களின் அரசுப் பட்டியல்) அந்தச் சர்வே எண் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) கேளுங்கள். இருந்தால், நீக்கக் கோரி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) படிவம் 5 கொடுக்க வேண்டும். அந்தச் சிக்கலோடு வரும் வீட்டைப் புதியவர்கள் விட்டுவிடுவதே நல்லது. ஆதாரம் (பத்திரம்), வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் போக்குவரவு (நம்மூர்ப் பட்டா மாற்றம் போன்றது), நடப்பு ஆண்டின் கர ரசீது (நில வரி ரசீது), நான்கும் ஒத்துப்போன பிறகே அட்வான்ஸ்.

அடுத்து செலவு. முத்திரைத்தாள் 8%, பதிவுக் கட்டணம் 2%. 20 லட்சத்துக்கு வாங்கினால் 2 லட்சம் அங்கேயே போகும். உங்களிடம் வாங்குபவரும் அதே 10% கட்டுவார். அதை மனத்தில் வைத்துத்தான் விலை பேசுவார். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து அந்த விகிதத்தில் வரி. இதையே தொழிலாகச் செய்தால் வியாபார வருமானம்.

கூரையைக் கீழிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏணி போட்டு, கழிக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) சுவரில் உட்காரும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். மழைநீர் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். முனை உள்வாங்கினால், பெயின்ட் பட்ஜெட் மரவேலை பட்ஜெட்டாகிவிடும். கிணற்றை மட்டும் ஏப்ரல், மே மாதத்தில் பாருங்கள்.