வாங்குமுன் ஒரு கேள்வி: சாங்கியிலிருந்து நியூயார்க்

கே: நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர் என்கிறார்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. பயணச்சீட்டில் ஏன் 18 மணி நேரத்தைத் தாண்டுகிறது? (ஈசூன்)

ப: நீங்கள் வகுத்தது பூமியுருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூலின் நீளத்தை. விமானத்தை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் வழி வகுத்து ஓட்டுகிறார்கள். தவிர, சீட்டில் உள்ள நேரம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வாயிலைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே வாயிலில் வந்து நிற்பதுவரை; ஓடுபாதைக்குக் காத்து நிற்பதும் அதில் சேர்த்தி.

கே: நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி விடியற்காலை ஐந்தரைக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. ஆறு மணி நேரம்தானா? (தெம்பனிஸ்)

ப: இரண்டும் அந்தந்த ஊர் நேரம், அங்கே குளிர்காலமானால் 13, கோடையானால் 12 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: 'டைரெக்ட்' என்று முகவர் சொன்னதை நம்பிப் பெற்றோருக்கு எகானமி வகுப்பில் வாங்கினேன். இப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏற வேண்டும் என்கிறார். (உட்லண்ட்ஸ்)

ப: இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. 'டைரெக்ட்' என்றால் விமான எண் மாறாது என்பதே பொருள். வழியில் தரையே தொடாததுதான் 'நான்ஸ்டாப்'. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பது விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும். நியூயார்க்குக்கு நிற்காமல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 நெடுந்தொலைவு விமானத்தில் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94 என 161 இருக்கைகளே உண்டு. சாதாரண எகானமி கிடையாது. ஆகவே எகானமி விலையைக் கேட்டவுடனேயே "எங்கே நிற்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்காதவன்தான். முன்பொரு முறை இதே சொல்லை நம்பி, நடுவழி ஊரில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது, அந்தப் பயணத்துக்கென்றே 49 வெள்ளிக்கு வாங்கிய கழுத்துத் தலையணையின் தையல் விட்டுப்போய், உள்ளிருந்த வெள்ளை மணிகள் எனக்குப் பின்னால் கோலம்போல் கொட்டிக்கொண்டே வந்தன.

கே: மலிவாக இருந்ததால் கென்னடிவரை ஒரு சீட்டும் அங்கிருந்து பாஸ்டனுக்குத் தனிச் சீட்டும் எடுத்துவிட்டேன். நடுவே 70 நிமிடங்கள். போதுமா? (அங் மோ கியோ)

ப: போதாது. முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்திலேயே குடிநுழைவு, பெட்டி எடுத்தல், சுங்கம் எல்லாம் முடித்தாக வேண்டும். தனிச் சீட்டு என்பதால் இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டால் முதல் நிறுவனம் பொறுப்பேற்காது. எடுத்த பிறகா கேட்பது?

கே: எனக்கும் அதேபோல் விமானம் தவறிவிட்டது. ஆனால் முகவர் "எல்லாம் ஒரே சீட்டுதான்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். இப்போது கைவிரிக்கிறார். (ஜூரோங்)

ப: உங்கள் மேல் பிழையில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள், பதிலில்தான் பொய். புதிய சீட்டுக்கான ரசீதுடன் முகவருக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதற்கும் மசியவில்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளிவரை வழக்குரைஞர் இன்றியே கோரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதுவரை கைப்பேசியை மாற்றினாலும் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.