குழந்தையின் கவனமும் வீட்டுச் சூழலும்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டரை வயதுப் பையன் எதிலும் ரெண்டு நிமிஷம் நிற்பதில்லை. இத்தனைக்கும் வீடு நிறைய பொம்மை.

அதுதான் சிக்கலே. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வில் (2018), 16 பொம்மை இருந்தபோது தாவித் தாவிப் போன குழந்தைகள், 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள். நாலைந்தை வெளியே வைத்து மற்றதைப் பரணில் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்தது, குறுக்கீடு. டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருப்பவனிடம் "இது என்ன கலர்?" என்று கேட்டால் அவன் நிமிர்வான், மூடி போச்சு. பக்கத்தில் உட்கார்ந்து அவன் பார்ப்பதையே பாருங்கள். பேசினால் அதைப் பற்றிப் பேசுங்கள். மூடி சிக்கினால் லேசாகத் தளர்த்தி அவன் கையிலேயே கொடுங்கள், நீங்கள் திறந்துவிடாதீர்கள். ஒரு வயதுக் குழந்தைகளிடம் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கண்டதும் (2016) இதுதான்: பெற்றோரும் அதே பொருளைப் பார்த்தால், அவர்கள் கண்ணை எடுத்த பிறகும் குழந்தையின் பார்வை அதில் கூடுதல் நேரம் நிற்கிறது.

கேள்வி: அத்தை சாயங்காலம் சீரியல் பார்ப்பார். பாப்பா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஓர் ஆய்வில், பெரியவர்களுக்கான டிவி நிகழ்ச்சி ஓடும்போது, 1 முதல் 3 வயதுப் பிள்ளைகள் எப்போதாவதுதான் திரையைப் பார்த்தார்கள். ஆனாலும் விளையாட்டு துண்டு துண்டாகிப்போனது. அத்தையோடு சண்டை வேண்டாம். அந்த அரை மணி நேரம் பாப்பாவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். யாருமே பார்க்காமல் ஓடும் டிவியைத்தான் முதலில் அணைக்க வேண்டும்.

கேள்வி: ஒற்றை அறை வீடு, ரெண்டு பேருக்கும் வேலை, அதிகம் படிக்கவும் இல்லை. எங்கள் 4 வயது மகள் பின்தங்கிவிடுவாளா?

பணக்கஷ்டம் பிள்ளையின் கவனத்தைத் தொடுவது பெரும்பாலும் தூக்கக் குறைவு, சத்தம், பெற்றோரின் அலுப்பு, எதுவும் நிச்சயமில்லாத நாள் ஆகியவற்றின் வழியாகத்தான். இவற்றில் சில உங்கள் கையில் இருக்கின்றன. தூக்கத்தை முதலில் பாருங்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். இரவு 11-க்குப் படுத்து 6.30-க்கு எழுந்தால் ஏழரைதான். அந்தப் பிள்ளை துறுதுறுவென்று இருப்பது களைப்பாகவும் இருக்கலாம்.

பிறகு, சொன்ன சொல். இனிப்பைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தரும் சோதனையை அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சற்று மாற்றிச் செய்தார்கள் (2013). முன்பு சொன்னபடி நடந்த பெரியவருக்காகப் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவருக்கு 3 நிமிடம்தான். "சம்பளம் வந்ததும் சைக்கிள்" என்பதைவிட, "சோறு வடித்ததும் வருகிறேன்" என்று சொல்லி வருவது மேல். படிப்பு, வசதி எதுவும் இதற்குத் தேவையில்லை.

கேள்வி: அடித்தால் ஒழுங்காக எழுதுகிறாளே?

அப்போது அவள் கவனம் உங்கள் கையின் மேல் இருக்கிறது, நோட்டில் இல்லை.

கேள்வி: டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காதைப் பரிசோதியுங்கள். சளிக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கலாம். தினமும் குறட்டை என்றால் அடினாய்டை (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) பரிசோதியுங்கள். வெளிறி, சோர்ந்திருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 2 முதல் 5 வயதில் அது டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் என்றால் ரத்தசோகை. ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் உள்ள கோளாறு) பற்றிப் பொதுவாக 4 வயதுக்கு முன் முடிவு கட்டுவதில்லை. அதனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு யாராவது அந்தப் பெயரைச் சூட்டினால், முதலில் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.