நேற்று வரை வந்த கிளவுட் சர்வர் இன்று எஸ்எஸ்ஹெச்சில் வரவில்லை. அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

வியாசர்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 512 எம்பி ராம், உபுண்டு லினக்ஸின் மினிமல் பதிப்பு, கூடுதலாக ஒன்றும் இல்லாத சின்ன சர்வர். நேற்று ராத்திரி வரை வீட்டு லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக லாகின் செய்யும் வழி) மூலம் உள்ளே போக முடிந்தது. இன்று காலையிலிருந்து 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. பிங் (மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) மட்டும் போகிறது. ரீபூட் செய்தும் பலனில்லை என்பதால் அழித்துவிடலாமா என்கிறீர்கள்.

தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தப் பட்டன் பக்கம் நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.

எனக்குத் தண்டையார்பேட்டையில் வீடு. மச்சானுக்கு எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை. கடையின் பில், ஸ்டாக் கணக்கு எல்லாம் உங்களுடையதைப் போன்ற ஒரு குட்டி சர்வரில்தான் ஓடுகிறது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது காலை ஏழு மணிக்கு போன். "மாப்ள, நேத்து வந்த சரக்கு லிஸ்ட்ல ஏறல, கொஞ்சம் பாரேன்." பார்த்தேன். டைம்ட் அவுட். பிங் போகிறது. அப்படியே உங்கள் நிலைமை. கடை திறக்க இரண்டு மணி நேரம்தான் இருந்தது. புதிதாக இன்ஸ்டால் செய்துவிடலாம் என்று சர்வர் கம்பெனியின் கன்ட்ரோல் பேனலைத் திறந்துவிட்டேன். கடைசி பேக்கப் எப்போது எடுத்தது என்று பார்த்தால் எட்டு நாள் பழசு. எட்டு நாள் தீபாவளி வியாபாரம்! கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் லேப்டாப்பை வீட்டு வைஃபையிலிருந்து கழற்றி, போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டு, அதே கட்டளையைக் கொடுத்தேன். இரண்டே விநாடியில் உள்ளே போய்விட்டது. சர்வருக்கு ஒன்றுமே இல்லை. முந்தின ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போய் வந்திருந்தது. ரவுட்டர் மறுபடி ஆன் ஆனபோது வீட்டுக்கு வேறு ஐபி முகவரி கிடைத்துவிட்டது. எஸ்எஸ்ஹெச் வரும் வாசலான போர்ட் 22-க்கு என் வீட்டு ஐபி-யிலிருந்து மட்டும் அனுமதி என்று பேனலின் ஃபயர்வாலில் (யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல்) நான்தான் விதி எழுதி வைத்திருந்தேன். நம்ம ஊரில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு போட்டு வைப்பார்கள். ஃபயர்வாலுக்கு என் பழைய எண் மட்டும்தான் தெரியும்.

ஆகவே நீங்களும் முதலில் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். போகிறது என்றால் பேனலில் அந்த விதியில் உள்ள ஐபி-யைப் புதியதாக மாற்றுங்கள். வேலை முடிந்தது.

அதிலும் போகவில்லை என்றால், திரையில் என்ன வார்த்தை வருகிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள். எல்லாவற்றையும் 'கனெக்ட் ஆகலை' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் நாள் முழுக்க வீணாகிறது. டைம்ட் அவுட் என்றால் நீங்கள் அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை. பெரும்பாலும் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் தூக்கிப் போடுகிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் மறுத்துப் பதில் வந்திருக்கிறது. மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. 'பெர்மிஷன் டினைட்' வந்தால் நெட்வொர்க்கை மறந்துவிடுங்கள். நீங்கள் சர்வர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அதற்கு உங்களை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிங்கை நம்ப வேண்டாம். பிங் ஐசிஎம்பி வழியாகப் போகிறது, எஸ்எஸ்ஹெச் டிசிபி வழியாக; இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க் முறைகள். ஒன்றைத் திறந்து மற்றதை அடைக்கலாம். இன்னொன்று: அமேசான் கிளவுடில் வெறும் ரீபூட் செய்தால் பொது ஐபி மாறாது. ஆனால் ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால், எலாஸ்டிக் ஐபி (மாறாத பொது ஐபி) வாங்கி வைக்காதவரை, மாறிவிடும். பழைய ஐபி-க்குப் பிங் பதில் வந்தால் அது வேறு யாருடைய மெஷினாகவும் இருக்கலாம். பேனலில் இப்போது என்ன ஐபி காட்டுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ரெஃப்யூஸ்ட் வந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, ஃபெயில்2பேன் (தப்பான லாகின் முயற்சிகளைப் பார்த்துத் தடுக்கும் புரோகிராம்) போட்டிருந்தால் அது உங்களையே தடுத்திருக்கலாம். தப்பான முயற்சிகள் ஐந்து ஆனால் பத்து நிமிடம் தடை என்பது அதன் இயல்பு அமைப்பு. டீ குடித்துவிட்டு வந்து முயலுங்கள். இன்னொன்று, போர்ட்டை மாற்றியிருப்பீர்கள். உபுண்டு 24.04-ல் கான்ஃபிக் ஃபைலில் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. சிஸ்டம்டி-க்கு (சர்வீஸ்களை ஓட்டும் புரோகிராம்) டீமன்-ரீலோட் கொடுத்து, எஸ்எஸ்ஹெச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுப் போர்ட்டில் கேட்கும்.

பெர்மிஷன் டினைட் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. யூசர் பெயர் சரியா (அமேசானின் உபுண்டு இமேஜில் 'உபுண்டு', அமேசான் லினக்ஸில் 'ஈசி2-யூசர்'), பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் கீ ஃபைலின் பெர்மிஷன் 600 ஆக (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத) இருக்கிறதா, சர்வரில் உங்கள் ஹோம் டைரக்டரியை மற்றவர்கள் எழுதும்படி 777 கொடுத்துத் தொலைத்தீர்களா. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகம் பலமாக இருக்கிறது: அந்த 512 எம்பி. எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு சின்ன 'வி' மூன்று (-vvv) சேர்த்துக் கொடுத்தால் உள்ளே நடப்பதை ஒவ்வொரு வரியாகச் சொல்லும். 'கனெக்டிங் டு' என்ற வரியிலேயே நின்றால் ஃபயர்வால் அல்லது ஐபி. 'கனெக்‌ஷன் எஸ்டாப்ளிஷ்ட்' வரை வந்து, அதற்குப் பிறகு சர்வர் தன் வெர்ஷனைச் சொல்லாமல் அப்படியே நின்றால், மெமரி தீர்ந்து மூச்சுத் திணறுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். காரணம் எளிது. பிங்குக்குப் பதில் சொல்வதும், டிசிபி கைகுலுக்கலும் (இணைப்பின் முதல் படி), லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வேலை. அது பெரும்பாலும் நெருக்கடியிலும் செய்துவிடும். வெர்ஷன் சொல்ல எஸ்எஸ்ஹெச் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஒரு புது ப்ராசஸைக் கிளப்ப வேண்டும். அதற்குத்தான் இடமில்லை. ஒரு டேட்டாபேஸ், கூடவே ராத்திரி தானாக ஓடும் அப்டேட், இரண்டும் சேர்ந்தாலே 512 எம்பி போய்விடும். ரீபூட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி நிற்கும். உள்ளே போனதும் ஒரு ஜிபி-க்கு ஸ்வாப் ஃபைல் (ராம் போதாதபோது டிஸ்கில் கைகொடுக்கும் இடம்) உண்டாக்கி, ரீபூட்டுக்குப் பிறகும் அது இருக்கும்படி எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் அதற்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். மச்சான் கடை சர்வருக்கு அப்படித்தான் செய்தேன், இரண்டு வருஷமாக நிற்கவே இல்லை.

உள்ளே போவதே வழியில்லை என்றால் பேனலில் வெப் கன்சோல் இருக்கும். அது நெட்வொர்க் வழியாக வருவதல்ல, மெஷினுக்கே கீபோர்டு மாட்டினது போல. ஆனால் அங்கே பாஸ்வேர்டு கேட்கும். கிளவுட் இமேஜ்களில் யூசருக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது, வெறும் கீ மட்டும்தான். அந்த நிலைமையில் மாட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு கஷ்டமாக இருக்கும். அப்போதும் அழிக்க வேண்டாம்: ரெஸ்க்யூ மோடில் (பழுது பார்க்க வேறொரு சிஸ்டத்தில் பூட் செய்வது) ஏற்றுங்கள், இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்டி, தேவையானதைத் திருத்துங்கள். உங்கள் தகவல் அதில் பத்திரமாக இருக்கும். இந்த முறை உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த யூசருக்கு நல்ல நீளமான பாஸ்வேர்டு ஒன்று வைத்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டு லாகின் மூடியே இருக்கட்டும், கன்சோலுக்கு மட்டும் அது உதவும். மினிமல் இமேஜில் நானோ என்ற எளிய எடிட்டர்கூட இல்லாமல் போகலாம், எனவே விஐ (vi) எடிட்டரில் திருத்தப் பழகிக்கொள்ளுங்கள்; அதுவும் இல்லையென்றால் ஃபைலைக் கட்டளையாலேயே திருத்தும் செட் (sed) கைகொடுக்கும்.

ஃபயர்வாலையோ எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கையோ தொடும்போது திறந்திருக்கும் விண்டோவை மூடாமல், இரண்டாவது விண்டோவில் புதிதாக லாகின் செய்து பாருங்கள். அது உள்ளே போன பிறகுதான் முதலாவதை மூட வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டில் முயன்றது என்ன ஆயிற்று என்பதையும், மூன்று 'வி' போட்டு வந்ததில் கடைசி ஐந்து வரிகளையும் இங்கே எழுதுங்கள். ஐபி-யை மறைத்துவிடுங்கள், கீ ஃபைலை யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடின பிறகு நான் பார்க்கிறேன்.