மேற்குக் காற்றுக்காகக் காத்திருந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்தியகால ஸ்பெயினின் யூதக் கவிஞர் ரபி யெஹூதா ஹலேவியைப் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன். முதுமையில் வீட்டையும் மகளையும் மருத்துவத் தொழிலையும் விட்டுவிட்டு ஜெருசலேமுக்குப் புறப்பட்ட அவர், அந்நகரின் வாயிலில் மண்டியிட்டுத் ஜெருசலேமை விளித்துத் தாம் எழுதிய சீயோன் பாடலைப் பாடிக்கொண்டிருந்தபோது ஓர் அரபுக் குதிரைவீரனால் மிதித்துக் கொல்லப்பட்டார் என்று அதில் எழுதியிருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பொருத்தமான மரணம் உண்டா? இது உண்மையாக நடந்ததா? இன்றைய இஸ்ரேல் அரசியலின் முன்னோடி அவர் என்று சிலர் சொல்வது சரியா? அவரை வாசிக்க விரும்புகிறவன் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் ஹலேவியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கவிஞர்களின் மரணத்தை நாம் எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்ற எண்ணம் அதற்கும் முன்பிருந்தே என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் படித்த குதிரைவீரன் கதை, ஹலேவி இறந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் கெதல்யா இப்ன் யஹ்யா என்ற யூத அறிஞர் எழுதி, 1587இல் வெனிஸில் அச்சான ஒரு வரலாற்று நூலில் வருகிறது. ஜெருசலேம் 1099 முதல் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களான சிலுவைப்போர் வீரர்களின் கையில் இருந்தது. ஹலேவி அங்கே போயிருக்கக்கூடிய 1141இல் அதன் வாயிலைக் காத்தவர்கள் அவர்கள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஹலேவிக்கு முந்தைய தலைமுறைக் கவிஞரான சாலமோன் இப்ன் கபிரோலை, பொறாமை கொண்ட ஒரு முஸ்லிம் கவிஞன் கொன்று அத்திமரத்தடியில் புதைத்தான் என்றும், அந்த மரம் அதிசயமான இனிப்போடு காய்த்துக் கொலையைக் காட்டிக்கொடுத்தது என்றும் சொல்லும் கதையும் அதே நூலில்தான் இருக்கிறது. ஒரே நூலில் இரண்டு கவிஞர்களும் இரண்டு கொலைகளும். பெருங்கவிஞன் காய்ச்சலில் படுத்துச் சாகலாம் என்பதை ஏற்க அந்த நூலுக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கும் மனம் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். ‘பொருத்தமான மரணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முதியவரின் முதுகெலும்பு குளம்படியில் நொறுங்குவது எதற்குப் பொருத்தம்? அவருடைய பாடலுக்கா, அல்லது அதைப் படித்துவிட்டு உறங்காமல் கிடக்கும் உங்கள் இரவுக்கா? இதைக் கடுமையாகவே கேட்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையை விரும்புகிறவர்கள் அந்த மனிதரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவரைப் பார்ப்பதற்கோ நமக்கு அரிதான வழி இருக்கிறது.

எபிரேய எழுத்து பதிந்த தாளைக் குப்பையில் எறியலாகாது என்று கருதிய யூதர்கள், பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஓர் அறையில் எல்லாவற்றையும் போட்டு வைத்தார்கள். இறைவனின் பெயர் எழுதிய தாளோடு கடன் பத்திரமும், திருமண ஒப்பந்தமும், சரக்குப் பட்டியலும் அங்கே சேர்ந்தன. அந்த அறைக்கு கெனீஸா என்று பெயர். 1896-97இல் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் அதன் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அரை நூற்றாண்டுக்குப் பின், அந்தத் தாள்களில் ஆய்வாளர் கோய்ட்டைன் ஹலேவியின் கையெழுத்திலேயே இருந்த கடிதங்களைக் கண்டெடுத்தார். அவை எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபுக் கடிதங்கள். அவற்றைப் பெற்றவர் இந்தியா வரை கடல் வணிகம் செய்த ஹல்ஃபோன் பென் நத்தானியேல் என்ற நண்பர்.

அந்தக் கடிதங்களில் அவர் எதைப் பற்றி எழுதுகிறார் தெரியுமா? சிறைப்பட்ட ஒரு பெண்ணை மீட்கப் பணம் திரட்டுவதைப் பற்றி. எந்த ஊர் எவ்வளவு கொடுத்தது, இன்னும் எவ்வளவு குறைகிறது என்ற கணக்கைப் பற்றி. எபிரேயக் கவிதையின் உச்சிகளில் ஒன்றை எட்டிய கை, ஒரு பெண்ணின் மீட்புத் தொகைக்காக தினார்களை எண்ணிக் கூட்டியிருக்கிறது. ஹல்ஃபோனுக்கு அல்லாமல் வேறொருவருக்கு எழுதிய கடிதத்தில், ஸ்பெயினின் டொலேடோவில் பகலுமற்ற இரவுமற்ற நேரங்களிலும் நோயாளிகளோடு மல்லுக்கட்டுவதாகவும், ஊர் பெரிது, எஜமானர்கள் கடினமானவர்கள் என்றும் களைத்துப்போய்ச் சொல்கிறார். 1140 செப்டம்பரில் அவர் அலெக்ஸாண்ட்ரியாவில் இறங்கியபின் அந்த ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. யார் வீட்டு விருந்துக்குப் போனார், யார் வீட்டுக்குப் போகவில்லை என்ற மனத்தாங்கல்கள் அவற்றில் இருக்கின்றன. எனக்கு இந்த மனத்தாங்கல்கள் போதும். குதிரை வேண்டாம்.

என் தாய்மாமா எங்கள் ஊர்க் கோயிலுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கட்டியவர். மார்கழிக் காலையில் சந்நிதியில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது என்று இப்போது எங்கள் குடும்பத்தில் சொல்கிறார்கள். அடுத்த தலைமுறைக் குழந்தைகள் அதை நம்பி வளர்கிறார்கள். நான் அவர் அருகில் இருந்தேன். மருத்துவமனைக் கட்டிலில், ஒரு பிற்பகலில், பால்காரருக்குப் பாக்கி கொடுத்தாயிற்றா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடினார். அவர் நாள்தோறும் செலவு எழுதி வந்த நோட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. பாடலுக்குச் சொல் தேடிய இரவுகளில் அந்த நோட்டுகளின் ஓரங்களில்தான் அவர் அடித்து அடித்து எழுதிப் பார்த்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டோம். நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் சந்நிதியில் இறந்தார் என்ற கதையை மறுக்க இன்று என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. கெனீஸாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தராசு எனக்கு நினைவுக்கு வருகிறது.

அரசியல் முன்னோடியா என்ற உங்கள் கேள்விக்குள் நான் நுழையப் போவதில்லை. 12ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவரை இன்றைய கொடிக்கம்பத்தில் கட்டிவைக்கும் வேலையை அதில் ஆர்வமுள்ளவர்கள் செய்யட்டும்.

ஆனால் அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்பதைக் கதைக்கு அலங்காரமாக வைக்காதீர்கள். ‘என் இதயம் கிழக்கில், நானோ மேற்கின் கடைக்கோடியில்’ என்று பாடியவரின் ஒரே மகள் அந்த மேற்கில்தான் இருந்தாள். பயணக் கவிதை ஒன்றில் அந்த மகளையும், தம் பெயரையே தாங்கிய பேரனையும் நினைத்து, யெஹூதா எப்படி யெஹூதாவை மறப்பான் என்று கேட்கிறார். தன் பெயரைத் தானே கூப்பிட்டுப் பார்க்கும் ஒரு தாத்தாவின் குரல் அது. வாயிலில் விழுந்து சாகத் துடித்தவரின் குரலாக அது எனக்குக் கேட்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் கைகாட்டும் சீயோன் பாடல் பிறகு இருக்கட்டும்; ஜெருசலேம் ஆலயம் அழிந்த நாளின் துக்க நோன்பில் யூதர்கள் இன்றும் அதை ஓதுகிறார்கள், அது எங்கும் போய்விடாது. மேற்குக் காற்றைப் பார்த்து அவர் பாடிய கடல் கவிதையிலிருந்து தொடங்குங்கள். இது உன் காற்று, மேற்கே, இதன் சிறகில் நார்தமும் ஆப்பிளும் மணக்கின்றன என்று அது தொடங்குகிறது. நார்தம் என்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் சடாமாஞ்சில் என்று கிடைக்கும் இமயமலை வேர்தான். ஹல்ஃபோனைப் போன்ற வணிகர்கள் சென்ற வழிகளில் அந்த மணம் மத்தியதரைக் கடலை எட்டியது.

அந்தக் கவிதையைப் படித்ததும், 1141 மே மாதத்தில் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஹல்ஃபோனுக்கு எழுதப்பட்ட கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹலேவி கப்பலேறி நான்கு நாட்கள் ஆகின்றன, காற்று இன்னும் சாதகமாக இல்லை என்கிறது அது. துறைமுகத்தை விட்டு நகராத கப்பலில், கரையிலிருந்த நண்பர்களின் கண் முன்னாலேயே அந்த முதியவர் காத்துக் கிடந்திருக்கிறார். மே 14ஆம் தேதி, யூதர்களின் வாரங்களின் திருநாளன்று, மேற்குக் காற்று எழுந்தது, கப்பல் கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதப்பட்ட இன்னொரு கடிதத்தில் அவர் இறந்துவிட்டவராகப் பேசப்படுகிறார்.