மகன் வி.ஏ.ஓ. ஆகப் போகிறான்

கேள்வி: ஐயா, என் மகன் குரூப் 4 தேர்வில் தேறி வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) ஆகப் போகிறான். சொந்தக்காரர்கள் எல்லாரும் "வரும்படி உள்ள வேலை, இனி உனக்கென்ன கவலை" என்கிறார்கள். அந்தப் பேச்சு உறுத்துகிறது. என்ன சொல்லி அனுப்பட்டும்?
- ஒரு தாய், அரூர்

பதில்: வாழ்த்துகள் அம்மா. உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதையே அவனிடம் சொல்லுங்கள். அந்த வரும்படி யார் பணம்? முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்த பாட்டி சுருக்குப் பையிலிருந்து எடுக்கிற நூறு ரூபாய். பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர், பிள்ளையின் சாதிச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார், அவரிடம் சும்மா "நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு நாள் கூலியும் போச்சு, பஸ் செலவு தனி. பணமே வாங்காத அலுவலரும் இதைச் செய்கிறார், அதனால்தான் சொல்கிறேன்.

வி.ஏ.ஓ.வுக்கு முன்பு கிராமக் கணக்கையும் வரியையும் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவியெல்லாம் பெரும்பாலும் பரம்பரையாக வந்தவை. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி அந்தப் பதவிகளை ஒழித்த பிறகுதான் யார் வீட்டுப் பிள்ளையும் பரீட்சை எழுதி அந்த நாற்காலிக்கு வர முடிந்தது.

அப்புறம், வேலையில் சேரும் முன் ஒரு நாள் அவனை வாச்சாத்திக்கு அழைத்துப் போங்கள். உங்கள் பக்கம்தானே. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்து வீடுகளை உடைத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 269 பேர் மீது வழக்கு. தீர்ப்புக்கு முன்பே 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரையும் 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதை உறுதி செய்த உயர் நீதிமன்றம், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த 215 பேரில் 5 பேர் வருவாய்த்துறைக்காரர்கள், உங்கள் மகன் சேரப் போகும் அதே துறை. மேலதிகாரி கூப்பிட்டார், போனேன் என்று சொல்லி யாரும் தப்பவில்லை. தப்பான உத்தரவு வந்தால் "எழுத்தில் கொடுங்க சார்" என்று கேட்க அவன் முதல் நாளே பழகட்டும்.

கேள்வி: பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டார்கள், வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டேன். இப்போது நானும் குற்றவாளியா?
- ஒரு விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குத் தண்டனை இல்லை. நாள் தாண்டுவதற்குள் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போய்விடுங்கள். இன்னும் கேட்கிறார்கள் என்றால் கொடுக்காமல் லஞ்ச ஒழிப்புத் துறையிடமே சொல்லுங்கள், கேட்கிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்க ரசாயனம் தடவிய நோட்டோடு அவர்களே வருவார்கள். மனு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.